பெயின்ரரின் கூலியா கூடிப்போச்சு?

"உவங்களுக்குக் குடுத்தே நாங்கள் முடிஞ்சம்." வீடு திருத்துகிற, கலியாணத்துக்கு வீட்டை ஆயத்தப்படுத்துகிற எந்தக் குடும்பத்திடம் போனாலும் இந்த வசனம் காதில் விழும். யாழ்ப்பாணத்தில் கொஞ்சக் காலமாக இது பெயின்ரர்மாரைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லப்படுகிறது. நாளுக்கு நாலாயிரத்து ஐந்நூறாம், சில இடத்தில ஐயாயிரமாம், அதுக்குமேல தேத்தண்ணி வேணுமாம், மழை தூறினா வரமாட்டாங்களாம். அரசாங்க உத்தியோகத்தருக்குக்கூட இந்தச் சம்பளம் இல்லை எண்டு ஒரு பெருமூச்சும் கூடவே வரும்.

இதை மற்றவர்களின் பழக்கம் என்று எழுதிவிட்டுப் போனால் எங்களுக்கு வசதியாக இருக்கும். ஆனால் நாங்களும் அதையே செய்தோம். அதனால்தான் எழுதுகிறோம்.

நாங்கள் கூடிக் கதைக்கிற, புத்தகங்கள் அடுக்கி வைத்திருக்கிற வாடகை வீட்டைப் பற்றி உங்களில் சிலருக்குத் தெரியும். இரண்டு அறை, ஒரு விறாந்தை. 2024 இல் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது, உள்பக்கம் பெயின்ற் அடித்துத் தந்தால் வாடகையைக் கூட்டமாட்டேன் என்று வீட்டுக்கார அன்ரி சொன்னார். ஒரு பெயின்ரர் அண்ணையைக் கூட்டிவந்து காட்டினோம். சுவரைத் தட்டிப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தனக்கு நாளுக்கு 4,500, கையுதவிக்கு வரும் பொடியனுக்கு 3,000, எட்டு நாள் வேலை என்றார். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். பிறகு எங்களில் ஒருவர் சொன்னார்: "அண்ணை, நாலாயிரமாப் போடுங்கோவன். நாங்கள் பெடியள்தானே, எங்களிட்ட எங்க காசு?"

மலையகத் தோட்டத் தொழிலாளரின் 1,000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கைக்காக அதே விறாந்தையில் கூட்டம் வைத்தவர்கள் நாங்கள். அந்தக் கூட்டத்துக்கு எழுதின பதாகை அப்போதும் மூலையில் சுருட்டியபடி கிடந்தது.

அண்ணை ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று போய்விட்டார். நாங்கள் யோசித்தது வேறு. நாங்களே அடித்தால் என்ன? யூரியூப்பில் எல்லாம் இருக்கு. ஆறு பேர் இருக்கிறம். இரண்டு சனிக்கிழமை போதும்.

இரண்டு சனிக்கிழமை முடிவில் ஒரு சுவர் முடிந்திருந்தது. அதுவும் மூன்றாம் கிழமை கொப்புளம் போட்டு, கீழ்ப்பக்கம் சுருள் சுருளாக உரிந்தது. எங்கள் பக்கத்துச் சுவர்களில் உப்புப் பூக்கும். நிலத்து ஈரம் சுவரில் ஏறி, உப்பை வெளியே தள்ளும். அந்த வெள்ளைத் தூளை வடிவாகச் சுரண்டி எடுத்து, சுவரைக் காயவிட்டு, பழைய பெயின்றின் தளர்ந்த தோலை நீக்கி, வெடிப்புக்கு பில்லர் போட்டு, தேய்த்து, தூசு துடைத்து, பிறகுதான் ப்றைமர், அதற்குப் பிறகுதான் நிறம். நாங்கள் நேரே நிறத்துக்குப் போனோம். அண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்தது ஏனென்று அப்போதுதான் விளங்கியது. எட்டு நாளில் நிறம் அடிக்கிற வேலை மூன்று நாள்தான். மிச்ச ஐந்து நாளும் கண்ணுக்குத் தெரியாத வேலை. தெரியாத வேலைக்குக் காசு குடுக்கத்தான் எங்களுக்கு மனம் வரவில்லை.

"எங்கட காலத்தில நாங்களேதானே அடிச்சனாங்கள்" என்று அப்பா அம்மாமார் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. பொங்கலுக்கு முன்னம் சுண்ணாம்பை நீற்றி, வடித்து, கொஞ்சம் நீலம் போட்டு, தும்புக்கட்டால் அடிப்பார்கள். குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிற நிலம். பொருளும் மலிவு, பிழைத்தாலும் அடுத்த வருசம் இன்னொரு தரம் அடிக்கலாம். ஈரமும் சுண்ணாம்புக்குள்ளால் வெளியேறிவிடும். இன்றைக்கு நாங்கள் கேட்பது அதையல்ல. கண்ணாடிபோல வழுவழுப்பான சுவர், கழுவினாலும் போகாத நிறம், ஒரு பக்கத்து வெளிச்சத்திலும் மேடு பள்ளம் தெரியக்கூடாது. கேட்பதெல்லாம் தேர்ந்த கைவேலை, நினைப்பதோ பழைய வெள்ளையடிப்புக் கணக்கு.

திரும்பவும் அண்ணையிடம் போனோம். இந்தமுறை கொப்பியும் பேனையுமாக. எங்கள் இடத்தின் கணக்கை அப்படியே தருகிறோம். வீடு அடிக்க இருப்பவர்களுக்கு உதவும்.

அறைகள் 12 அடிக்கு 10 அடி, விறாந்தை 18 அடிக்கு 12 அடி, சுவர் உயரம் 10 அடி. நாலு பக்கச் சுவரையும் கூட்டினால் அறை ஒன்றுக்கு 440 சதுர அடி, விறாந்தைக்கு 600. மொத்தம் 1,480. கதவு, யன்னலைக் கழித்தால் ஏறக்குறைய 1,250. ஒரு லீற்றர் எமல்ஷன் ஒருமுறை பூச நூறு, நூற்றிப்பத்து சதுர அடிக்குக் காணும். இரண்டு முறை பூச 23, 24 லீற்றர் வேண்டும். அதைவிட ப்றைமர், பில்லர், கதவு யன்னலுக்கு எனாமல், தின்னர், பிறஷ், றோலர், சாண்ட் பேப்பர். கடையில் வந்த பில் 74,000 ரூபா. ஆட்கூலி, அண்ணை முதலில் சொன்ன கணக்கில், எட்டு நாளுக்கு 60,000. ஆக 134,000.

இப்ப இந்தத் தொகையை உற்றுப் பாருங்கோ. பெறுமதி சேர் வரி 2022 நடுப்பகுதி வரை 8 சதவீதமாக இருந்தது. அந்த வருசமே 12, பிறகு 15. 2024 சனவரியில் இருந்து 18. எங்கள் 74,000 முழுவதுக்குள்ளும் இந்த வரி இருக்கிறது என்று வைத்தால், அதில் 11,000 ரூபாய்க்கு மேல் வரி. நாங்கள் அண்ணையிடம் குறைக்கக் கேட்டது நாளுக்கு 500, எட்டு நாளுக்கு 4,000. பதினோராயிரத்துக்கு ஒரு வார்த்தை பேசாமல் காட்டை நீட்டினவர்கள், நாலாயிரத்துக்கு மட்டும் "நாங்கள் பெடியள்தானே" என்று கெஞ்சினோம். ஏன்? கடையில் பேரம் பேசினால் வெட்கம். அண்ணையிடம் பேசினால் கெட்டித்தனம்.

பெயின்ற் விலை ஏன் இப்படி ஏறியது என்பதற்கு 2022 ஐ ஞாபகப்படுத்தினால் போதும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில கிழமைக்குள் 300 ஐத் தாண்டி, 360 அளவுக்குப் போனது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. பெயின்றின் உள்ளே இருக்கும் பிசின், கரைப்பான், நிறமி எல்லாம் பெரும்பாலும் டொலரில் வருபவை. வெள்ளைக்கு வெண்மை தருகிற நிறமி ரைற்றேனியம் ஈரொட்சைட்டு. அதற்கான மூலமணல் எங்கட புல்மோட்டைக் கரையில் இருக்கிறது. பல தசாப்தமாக இல்மனைற்றாகவும் ரூட்டைலாகவும் தோண்டிக் கப்பலேற்றுகிறார்கள். மணலாகப் போகிறது, நிறமியாகவும் பெயின்றாகவும் பலமடங்கு விலையில் திரும்பி வருகிறது. அந்த மணலை இங்கேயே நிறமியாக்கும் ஆலை ஒன்றுக்கு இவ்வளவு காலமும் வழி செய்யாதவர்களிடம் யாரும் "நாலாயிரமாப் போடுங்கோவன்" என்று கேட்பதில்லை. அவர்கள் எங்கள் விறாந்தையில் சாரத்தோடு நிற்பதில்லையே.

சரி, நாளுக்கு 4,500 கூடத்தானே, 26 நாள் வேலை செய்தால் 117,000 வருமே என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். அண்ணை சைக்கிள் சீற் உறைக்குள் இருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். முதல் வருசம் அவர் வேலை செய்த நாட்கள் திகதி திகதியாக எழுதியிருந்தது. கூட்டினோம். 171 நாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடக்கில் மழை. வெளிச்சுவர் வேலை படுத்துவிடும், உள்ளேயும் சுவர் காயாது. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையில் சும்மா இருக்கிற நாள் வேறு. பங்குனி, சித்திரையிலும், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னமும் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேணும். மிச்சக் காலத்தில் ஒருத்தரும் தேடுவதில்லை. 171 நாளை முழுச் சம்பளத்தால் பெருக்கினாலும் வருசத்துக்கு 769,500. மாசத்துக்கு 64,000. அதற்குள்தான் அவருடைய பெற்றோல், பிறஷ், ஏணி, போன் எல்லாம். லீவுக்குச் சம்பளமில்லை, காய்ச்சலுக்குச் சம்பளமில்லை, ஓய்வூதியமில்லை.

ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு, அவருடைய சம்பளத்துக்கு மேலே, வேலை கொடுப்பவர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் கட்டவேண்டும். சேமலாப நிதிச் சட்டம் 1958 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 4,500 ரூபாயின் 15 சதவீதம் 675. அப்படி ஒரு 675 அண்ணையின் பெயரில் ஒரு நாளும் ஒருத்தரும் கட்டியதில்லை. அதை யாரும் தராத மனுசனிடம்தான் நாங்கள் இன்னும் 500 ஐக் கழிக்கச் சொன்னோம்.

இதைவிடப் பெரிய கழிவு ஒன்று இருக்கிறது. அது உடம்பில் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1989 இலேயே பெயின்ரர் தொழிலை, ஒரு தொழிலாகவே, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குகின்றவற்றின் முதலாம் தொகுதியில் சேர்த்துவிட்டது. 2010 இல் வெளியிட்ட மதிப்பீட்டிலும் அதை உறுதிப்படுத்தியது. நுரையீரலும் சிறுநீர்ப்பையும் முக்கியமாகச் சொல்லப்பட்டவை. எங்கட ஊரில் பழைய வீடுகளின் பச்சை எனாமல் யன்னலை உலர்ந்தபடியே தேய்க்கும்போது பறக்கும் தூசில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பெயின்றில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு இலங்கையில் கட்டாய எல்லை நடைமுறைக்கு வந்ததே 2013 இல்தான். அதற்கு முந்திய பூச்செல்லாம் இன்னும் எங்கள் கதவுகளில் இருக்கிறது. அஸ்பெஸ்ரஸ் சீற்றைத் தேய்த்துக் கழுவி நிறம் அடிக்கவும் இவர்களைத்தான் ஏற்றுகிறோம். எங்கள் வேலையில் பொடியன் முகத்தில் கட்டியிருந்தது ஒரு பழைய சேட்டுத் துண்டு. முகக்கவசம் வாங்க வேண்டும் என்று எங்கள் ஆறு பேரில் ஒருத்தருக்கும் முதல் நாள் தோன்றவில்லை. கொரோனாவுக்கு அலுமாரி நிறைய வாங்கி வைத்தவர்கள் நாங்கள்.

இரண்டாம் நாள் வீட்டுக்கார அன்ரி வந்து பார்த்துவிட்டு, "ஆள் சரியான மெல்லம். நாளை இழுக்கிறார், பாத்துக்கொள்ளுங்கோ" என்று எங்களுக்குக் காதில் சொன்னார். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் கதையோடு கதையாகத்தான் தெரியவந்தது: அண்ணைக்கு இடது கை தோளுக்கு மேலே போகாது. சில வருசத்துக்கு முன் ஒரு மாடி வீட்டில், படிக்கட்டுக்கு மேலே இரண்டு பரலுக்குக் குறுக்கே போட்ட பலகையில் நின்று அடிக்கும்போது பலகை வழுக்கியது. வீட்டுக்காரர் வெளிநாட்டில். பார்த்துக்கொண்ட சொந்தக்காரர், "அவர் கொந்தராத்துக்காரரோட வந்த ஆள்" என்றார். கொந்தராத்துக்காரர், "நாட்கூலிக்கு வந்தவர், எனக்கு ஆள் இல்லை" என்றார். நாலு மாசம் வேலையில்லை. கிடைத்தது 15,000 ரூபா. அதுவும் 'உதவி' என்ற பெயரில். வேலையாட்களுக்கான நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் 1934 இல் இருந்து இருக்கிறது. அதைப் பற்றி அண்ணைக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர்களுக்கு அவர் தெரியாமலிருப்பதுதான் இலாபம்.

ஆக, அவர் மெல்லமாக அடித்தது எங்களைப் போல ஒரு வீட்டில் விழுந்ததால். அந்த மெல்லத்தையும் நாங்கள் கூலியில் கழிக்கப் பார்த்தோம்.

இனிக் கோப்பைக் கதை. எல்லா வீட்டிலும் என்று சொல்லவில்லை. ஆனால் வேலைக்கு வருகிறவருக்கு என்று புறம்பாக ஒரு கோப்பையைக் குசினி மூலையில் கவிட்டு வைக்கிற வீடுகள் எங்கட ஊரில் இன்னும் இருக்கின்றன. எங்களில் சிலரின் வீடும் அதில் அடக்கம். சாமியறைச் சுவரை அவர் தொட்டுத் தேய்த்து அடிக்கலாம். கோயில் மதிலுக்குக் காவியும் வெள்ளையும் அடிக்கலாம். தேத்தண்ணி மட்டும் வேறு கோப்பையில். தலை நரைத்த மனுசனைப் பத்து வயசுப் பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிடும், வீட்டில் ஒருத்தரும் திருத்தமாட்டார்கள். "உவங்களுக்கு ஏன் இவ்வளவு?" என்ற கேள்வியில் 'இவ்வளவு' என்ற சொல்லைவிட 'உவங்களுக்கு' என்ற சொல்லே அழுத்திச் சொல்லப்படுவதைக் கவனித்துப் பாருங்கள். கைவேலை செய்கிறவர் ஒரு கிளாக்கரின் சம்பளத்தைக் கிட்டினால் உலகம் தலைகீழாகிவிட்டது என்று படுகிறது எங்களுக்கு. அந்தக் கோபம் பணவீக்கத்தால் வந்ததில்லை. அது பழைய கோபம், இப்ப விலைவாசியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

கனடாவில், லண்டனில் இருந்து வருகிற மாமாமார் அங்கே பெயின்ரருக்கு மணித்தியாலக் கணக்கில் என்ன குடுக்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். அங்கே வாய் திறவாமல் குடுத்துவிட்டு, இங்கே வந்து, வருசத்தில் மூன்று கிழமை நிற்கிற வீட்டுக்கு நிறம் அடிக்க 500 ரூபாய்க்கு இழுபறிப்படுவார்கள். இப்படிப்பட்ட கூலிக்கு இங்கே நிற்க முடியாமல்தான் ஆட்களும் போகிறார்கள். 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். பிறகு "நல்ல பெயின்ரர் ஒருத்தரையும் பிடிக்கேலாமல் கிடக்கு" என்று புலம்பி என்ன பலன்?

எதிர்க்கேள்விகள் வரும், வரவேணும். முற்பணம் வாங்கிவிட்டு ஆள் காணாமல் போனது பொய்யா? பெயின்றில் தண்ணியைக் கூட்டி ஊற்றினது பொய்யா? கடைக்காரரிடம் கொமிஷன் வாங்கிக்கொண்டு தேவைக்கு அதிகமாக வாளி எழுதினது பொய்யா? பொய்யில்லை, நடக்கிறது. ஆனால் ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதாமல் வாய்ப்பேச்சில் வேலையை ஒப்படைக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் ஏமாற்றும். நாட்கூலி என்றால் இழுப்பார்கள், கொந்தராத்து என்றால் ஓடி முடிப்பார்கள் என்பதும் உண்மைதான். அதற்கு மருந்து கூலியைக் குறைப்பதில்லை, என்ன வேலை, எத்தனை பூச்சு, எத்தனை நாள் என்று எழுதுவது.

இரண்டாவது கேள்வி இன்னும் நியாயமானது. உண்மையாகவே காசில்லாதவர் என்ன செய்வது? ஒரு ஆசிரியரின் சம்பளத்தில், தனியே பிள்ளை வளர்க்கிற அம்மாவின் வருமானத்தில் 134,000 என்பது மலை. அவர்களிடம் நாங்கள் சொல்வது: வேலையைக் குறையுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். இந்த வருசம் ஒரு அறை, அடுத்த வருசம் மற்றது. சாமான் ஒதுக்குவது, நிலத்துக்குக் கடதாசி விரிப்பது, யன்னல் கழுவுவது போன்றதை நீங்களே செய்தால் கூலிநாள் குறையும். கோடிப்பக்கச் சுவருக்கும் மதிலுக்கும் சுண்ணாம்பு இன்றைக்கும் நல்லதுதான். பக்கத்து வீடு அடித்ததற்காக நாங்களும் அடிக்கவேணும் என்று சட்டமில்லை.

அண்ணையின் வேலை முடிந்த கையோடு நாங்கள் எங்களுக்குள் சில விசயங்களை முடிவெடுத்தோம். உங்களிடமும் அதையே கேட்கிறோம். வேலை தொடங்க முன்னம் கூலி, நாள், பூச்சு எல்லாவற்றையும் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து. முற்பணம் கிழமைக்குக் கிழமை, செய்த வேலைக்கு ஏற்ப. வந்த பிறகு மழையாலோ மின்வெட்டாலோ வேலை நின்றால் அரைநாள் கூலி. பழைய பெயின்றைத் தண்ணி தொட்டுத் தேய்க்கச் சொல்வது, முகக்கவசத்தை நாங்களே வாங்கி வைப்பது. பரலுக்கு மேலே பலகை போட விடாமல், உறுதியான ஏணிக்கும் சாரத்துக்கும் வாடகையைச் செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதுவது. கொந்தராத்துக்காரருக்கு வேலை கொடுத்தால், ஆட்களுக்குக் காப்புறுதி இருக்கா, சேமலாப நிதி கட்டுறீங்களா என்று வாய்விட்டுக் கேட்பது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி. இதில் ஒன்றும் புரட்சியில்லை. எல்லாம் சேர்த்து எங்கள் கணக்கில் பத்தாயிரத்துக்கு உள்ளேதான் வந்தது. வரியாகப் போனதைவிடக் குறைவு.

அந்த 500 க்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். முதலில் பேசினபடி 4,500 ஆகவே எட்டு நாளுக்கும் கணக்குப் பார்த்துக் குடுத்தோம். மன்னிப்பும் கேட்கப் போனோம். அண்ணை அதைப் பெரிதாக எடுக்கவில்லை. காசை எண்ணி மடித்து வைத்துவிட்டு, "தம்பியவை, உங்களிட்ட எழுத்து வேலைதானே. ஒரு கடதாசியில எழுதித் தாங்கோ" என்றார். என்ன எழுத என்று கேட்டோம்.

"எட்டு நாள், நாலாயிரத்து ஐந்நூறு, முழுசாக் குடுத்தது எண்டு. அடுத்த வீட்டில காட்ட."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தோம். எங்கள் கூட்டத்தின் சீல் ஒன்று இருந்தது, அதையும் குத்தினோம். அதைக் கொப்பிக்குள் வைத்து, சீற் உறைக்குள் செருகிக்கொண்டு போனார். அது உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது, தயவுசெய்து வாசித்துப் பாருங்கள்.